இருபத்தெட்டு சென்டிமீட்டர்

பிப்ரவரி 9

தம்பிக்கு,

உறையைப் பார்த்ததுமே இது என் கையெழுத்து என்று தெரிந்திருக்கும். தெரிந்தும் பிரித்திருக்கிறாய். அதற்கே உனக்கு ஒரு நன்றி.

நாலு மாதமாக நீ போனை எடுக்கவில்லை. முகவரியைச் சுருட்டையிடம்தான் பிடுங்கினேன். உன்னோடு பதினோரு வருடம் படகில் கயிறு பிடித்தவன், அந்தக் கயிற்றுக்கே இரண்டு விரலைக் கொடுத்தவன், அப்படியும் உன்னை ஒரு வார்த்தை திட்டாத ஒரே ஆள். முகவரி தர அவனுக்கு மனமே இல்லை. "அக்கா, நான் குடுத்தேன்னு தெரிஞ்சா மாஸ்டர் என்கிட்டயும் பேச்சை நிறுத்திடுவாரு" என்றான். அவனைக் காட்டிக் கொடுத்துவிட்டேன், அவனிடம் கோபித்துக்கொள்ளாதே.

அப்பா நன்றாக இருக்கிறார். முழங்கால் மட்டும் தகராறு. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு குடாவில் போகிற வருகிற படகுக்கெல்லாம் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் வாயைத் திறக்கும் முன்பே, "அவன் வேலையா வெளியூர் போயிருக்கான்" என்று எனக்கே சொல்கிறார், ஏதோ நான் பக்கத்து வீட்டுக்காரி மாதிரி.

விஷயத்துக்கு வருகிறேன். விசாரணைக் குழுவின் கடைசி அமர்வு ஏப்ரல் 12. 'செப்டம்பர் 18 அன்று ஐம்பத்திரண்டு பயணிகளுடன் சென்ற படகு குடாவின் நடுத்திட்டில் தரைதட்டியது தொடர்பாக' என்று தலைப்புப் போட்டுக் காகிதம் வந்திருக்கிறது. உன் லைசென்ஸைத் திருப்பித் தருவதா, ஒரேயடியாக ரத்து செய்வதா என்று அன்றைக்கு முடிவாகும். உனக்கும் ஒரு பிரதி வந்திருக்கும், நீ அதைப் பிரித்திருக்க மாட்டாய்.

அதற்காகப் போன வாரம் குடாவை முழுக்க மறுபடி அளந்தேன். நாலு நாள் சிறிய படகில், ஆழம் பார்க்கும் எக்கோ கருவியை மடியில் வைத்துக்கொண்டு. இடுப்பு விட்டுப்போய்விட்டது. நடுத்திட்டில் கடல் வற்றும் நேரத்தில், ஜூனில் எழுபது சென்டிமீட்டர் தண்ணீர் இருந்தது. இப்போது முப்பத்தாறு. வடக்கே அலைத்தடுப்புச் சுவர் கட்டிய நாளிலிருந்து ஆறு கொண்டுவரும் சேறு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே படுத்துக்கொள்கிறது என்பது தெரிந்த கதைதான். ஆனாலும் எட்டு மாதத்தில் முப்பத்து நாலு என்பதை முப்பது வருட வேலையில் நான் பார்த்ததில்லை. எண்களை எழுதும்போது கை சலித்துப்போனது.

எனக்கு ஒன்று மட்டும் வேண்டும். அன்று காலை நீ புறப்பட்டபோது துறையில் இருக்கும் கம்பத்தில் நீர்மட்டம் எவ்வளவு காட்டியது? விசாரணையில் நீ சொன்ன எண்ணை நான் குறித்துவைக்கவில்லை, உன் பதிவேட்டைக் குழு தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஒரே ஓர் எண். கோபத்தை அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.

அக்கா


பிப்ரவரி 21

நீரளவைப் பிரிவு அதிகாரி அவர்களுக்கு,

தாங்கள் கேட்ட எண்: நூற்றுப் பத்து.

தங்கள் வரைபடம் நடுத்திட்டில் எழுபது என்றது. தங்கள் கம்பம் அதற்கு மேல் நூற்றுப் பத்து என்றது. ஆக நூற்றெண்பது. ஆள் ஏறிய படகு தண்ணீருக்குள் நிற்கிற ஆழம் நூற்றைம்பது. அடியில் முப்பது சென்டிமீட்டர் மிச்சம் இருந்தால் போகலாம் என்பது விதி. முப்பது இருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் சுமாராகப் படித்தவன்தான், ஆனால் இந்தக் கணக்கைத் தூக்கத்திலும் போடுவேன். போட்டேன். போனேன். தட்டியது.

இதைத்தான் அக்டோபர் விசாரணையிலும் சொன்னேன். எனக்கு அடுத்து நீங்கள் எழுந்து என்ன சொன்னீர்கள் என்று ஞாபகமிருக்கிறதா? "வரைபடத்தில் பிழை இல்லை. ஓட்டியவர் பாதையை விட்டு விலகியிருக்கலாம்." அந்த 'இருக்கலாம்' என்ற ஒரு சொல்லை நான் இங்கே தினமும் மென்றுகொண்டிருக்கிறேன். பதினாறு வருடமாக அந்தப் பாதையில் கண்ணை மூடிக்கொண்டு போய் வந்தவன் விலகியிருக்கலாம். காலையில் டிபன் டப்பாவை மூடிக் கையில் கொடுத்து அனுப்பிய அக்கா, மதியம் அதே வாயால் சொன்னது.

இங்கே என் வேலையைக் கேட்டால் சிரிப்பீர்கள். தூர்வாரும் கப்பலில் குழாய் பார்க்கிற வேலை. நாள் முழுக்கச் சேற்றை உறிஞ்சித் தூரத்தில் கொண்டுபோய்க் கொட்டுகிறோம். மறுநாள் காலையில் அதில் பாதி திரும்பி வந்திருக்கிறது. யாரும் அதிர்ச்சி அடைவதில்லை. வாரம் ஒரு முறை சாமான் படகு வரும், அதில்தான் தபால். போனுக்கு இங்கே சிக்னல் கிடையாது. இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன்.

ஏப்ரல் 12க்கு வரமாட்டேன். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன?

அப்பாவுக்குக் கால்வலித் தைலம் அனுப்பியிருக்கிறேன். நான் அனுப்பியதாகச் சொல்ல வேண்டாம்.

(கையெழுத்து)


மார்ச் 3

தம்பிக்கு,

'தாங்கள்', 'தங்கள்' எல்லாம் பலமாக இருந்தது. ஒரு நாள் முழுக்க உன்மேல் கோபமாக இருந்தேன். அந்தக் கோபத்தில் ஒரு பதிலும் எழுதிக் கிழித்துப் போட்டேன். டிபன் டப்பாவை ஏன் இழுத்தாய்? அது வேறு, இது வேறு. விசாரணையில் என்னை 'பாதை விலக வாய்ப்பு உண்டா' என்று கேட்டார்கள். என் எண் சரி, அது எனக்குத் தெரியும். எண் சரியென்றால் வேறு எதுதான் காரணமாக இருக்க முடியும்? எனக்குத் தெரியாததற்கு 'இருக்கலாம்' என்றுதான் சொல்லத் தெரியும். தொழில் அப்படி. இதைச் சமாதானம் என்று நினைக்காதே. சொன்ன அன்று இரவு எனக்கும் சோறு இறங்கவில்லை.

ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை.

உன் நூற்றுப் பத்தை வைத்துக்கொண்டு போன மாதத்து அளவுகளை மறுபடி பார்த்தேன். ஆமைப்பாறையை ஞாபகம் இருக்கிறதா, திட்டுக்குத் தெற்கே இருக்கிற மொட்டைப் பாறை? அதன் மேல் ஜூனில் இருநூற்றுப் பத்து. இப்போது நூற்று எண்பத்திரண்டு. முதலில் கண் அதைத் தாண்டிப் போய்விட்டது. எல்லா இடமும் மேடாகிறது, இதுவும் மேடாகிறது என்று. பிறகுதான் மண்டையில் உறைத்தது. அந்தப் பாறை மேல் நீரோட்டம் துடைத்துவிட்டுப் போகும், ஒரு பிடி சேறு தங்காது. சேறு தங்காவிட்டால் பாறை எப்படி இருபத்தெட்டு சென்டிமீட்டர் உயரும்? பாறை வளருமா?

பாறை வளரவில்லை. நான் அளந்த ஆழத்திலிருந்து, கம்பம் காட்டும் நீர்மட்டத்தைக் கழித்துத்தான் வரைபடத்தில் எழுதுகிறேன். கம்பம் இல்லாத தண்ணீரைக் காட்டினால் குடா முழுவதும் ஆழம் குறைந்ததாகத்தான் தெரியும்.

நேற்று அலுவலகச் சுவரில் பதித்திருக்கும், உயரம் மாறாத பித்தளைக் குறியிலிருந்து லெவல் கருவி வைத்துப் பார்த்தேன். மூன்று முறை பார்த்தேன். கம்பம் இருபத்தெட்டு சென்டிமீட்டர் கீழே நிற்கிறது. அது நூற்றுப் பத்து என்று சொன்ன அன்று உண்மையில் இருந்தது எண்பத்திரண்டு. உன் அடியில் இருந்த முப்பதில் இருபத்தெட்டைக் கம்பம் தின்றுவிட்டது. மிச்சம் இரண்டைச் சேறு தின்றது.

ஜூனில் நான் அளந்தபோது கம்பம் சரியாக இருந்தது. ஜூலையில் மணல் படகு ஒன்று இடித்துச் சாய்த்தது. அதைத் திரும்ப நட்டது நீ.

எதை அளவாக வைத்து நட்டாய்? யோசித்து எழுது. கம்பத்தை இன்று கழற்றி உள்ளே போட்டுவிட்டேன். 'பழுது, இதை நம்ப வேண்டாம்' என்று பலகை மாட்டியிருக்கிறேன். காரணம் என்ன என்று மேலதிகாரிகளுக்கு இன்னும் எழுதவில்லை.

அக்கா


மார்ச் 14

அக்கா,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. முதல் நாள், என்மேலேயே பழியைத் திருப்ப வழி கண்டுபிடித்துவிட்டாய் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் பாறை வளருமா என்று கேட்டிருந்த இடத்தை மறுபடி படித்தேன். மூன்றாம் நாள் வேலைக்குப் போகவில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மணல் படகு இடித்தபோது மாலை ஐந்து மணி. மழை. உனக்குத்தான் முதலில் போன் செய்தேன். நீ சொன்னது அப்படியே காதில் இருக்கிறது: "அதுக்காக இப்ப நான் அங்க வரணுமாடா? முதுகு உடையுது. நீயே நட்டுடு, காலையில வந்து பாத்துக்கிறேன்." காலையில் கம்பம் இல்லாமல் படகை எடுக்க முடியாது என்பதால் நானும் சுருட்டையும் நட்டோம். பழைய இடத்தில், படிக்கட்டுப் பக்கம், அடிக்கட்டை முறிந்து உள்ளேயே சிக்கியிருந்தது. அதனால் இந்தப் பக்கம் மூலைத்தூணுக்கு அருகில் கொண்டுவந்தோம்.

எதை அளவாக வைத்தேன் என்று கேட்கிறாய். வேறு எதை வைப்பேன்? அப்பா கோட்டைத்தான். மூலைத்தூணில் அவர் படகு ஓட்டிய காலத்தில் போட்ட வெள்ளைக் கோடு. அது இரண்டு மீட்டர் என்று நீயும் நானும் நடக்கத் தெரியும் முன்பே தெரிந்துவைத்திருந்தோம். கம்பத்தின் இரண்டு மீட்டர் குறியைக் கோட்டுக்கு நேராகப் பிடித்தேன். சுருட்டை தண்ணீரில் நின்று பார்த்து "நேரா இருக்கு மாஸ்டர்" என்றான். சம்மட்டியால் அடித்து இறக்கினேன். அரை விரல் பிசகில்லை. அந்தக் கோடு எப்படித் தப்பாகும்? அன்றைய அதிகாரி லெவல் வைத்துப் பார்த்துச் சரி என்று சொன்ன கோடு என்று அப்பா எத்தனை தரம் சொல்லியிருப்பார்?

இதை எழுதும்போது சுருட்டையின் கை ஞாபகம் வருகிறது. இழுவைப் படகு வந்து கயிறு மாட்டியபோது தண்ணீர் வற்றிப் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஆறு மணி நேரம். குழந்தைகள் எல்லாம் அழுது ஓய்ந்துவிட்டன. "மாஸ்டர், நீங்க பயணிகளைப் பாருங்க, கயித்தை நான் பாத்துக்கிறேன்" என்றான். பார்த்துக்கொண்டான். நானே நட்ட கம்பம்.

அக்கா, கேட்க வேண்டாம் என்று நினைத்தேன். முடியவில்லை. காலையில் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றாயே, வந்து பார்த்தாயா?

தம்பி


மார்ச் 27

தம்பி,

வரவில்லை.

இந்த ஒரு சொல்லை எழுத எனக்கு ஒன்பது நாள் ஆனது. உன் கடிதத்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலுவலகம் போனேன், வந்தேன். பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் பரவாயில்லை என்று தேடிப் பார்த்தேன். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, எனக்குக் காய்ச்சல், இப்படி ஏதாவது. ஒன்றும் இல்லை. மழை பெய்தது. உதவியாளர் விடுப்பு. லெவல் கருவியின் மூன்றுகால் ஸ்டாண்டை நானே தோளில் போட்டுக்கொண்டு துறைக்கு நடக்க வேண்டும். தம்பி நட்டது, அப்பா கோட்டைப் பார்த்து நட்டிருப்பான், அதற்குமேல் என்ன லெவல் என்று நினைத்தேன். பதிவேட்டில் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். அந்த டீ நன்றாக இருந்ததுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஆக, நீ அந்தக் கோட்டை வைத்துத்தான் நடுவாய் என்று எனக்கு அன்றே தெரியும். போன கடிதத்தில் தெரியாதவள் மாதிரி உன்னைக் கேட்டேன். நீயே சொல்ல வேண்டும், என் கையெழுத்தைப் பற்றிய பேச்சு வராமலே போய்விட வேண்டும் என்று ஒரு மூலையில் ஆசைப்பட்டிருக்கிறேன். உன்னைவிட ஏழு வயது பெரியவள். வெட்கமாக இருக்கிறது.

'இருக்கலாம்' என்று உன்னைப் பார்த்துச் சொன்னேனே, அதே விசாரணையில் எழுந்து 'நான் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கலாம்' என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை? உண்மையாகவே தோன்றவில்லை. நான் பார்க்காததையே மறந்துவிட்டேன். கையெழுத்துக்கு அப்படி ஒரு சக்தி. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள், நம் வீட்டில் இரண்டும் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறது.

கோட்டுக்கு வருகிறேன். கோடு தப்பில்லை. தூண் இறங்கியிருக்கிறது. பித்தளைக் குறியிலிருந்து தூணையும் அளந்தேன். அதே இருபத்தெட்டு. சேறு ஏற ஏறத் துறையின் அந்த மூலையை யாரும் கவனிக்கவில்லை. அடியில் பிடிமானம் போய்த் தூண் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக உட்கார்ந்திருக்கிறது. கூடவே கோடும். மேலே பலகை வளைந்து கொடுத்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த மூலையில்தான் படகுக்கு வரிசை நிற்பார்கள். படகு நின்றுபோனதால் இப்போது யாரும் நிற்பதில்லை, அது ஒன்றுதான் நல்லது.

அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. எனக்கு வேலையில் இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. பொய் சொல்லவும் தெம்பில்லை, உண்மை சொல்லவும் தெம்பில்லை. நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது.

அக்கா


ஏப்ரல் 3

அக்கா,

சாமான் படகு இன்று சீக்கிரம் கிளம்புகிறது, அதனால் சுருக்கமாக.

கோபம் வரும் என்றுதான் காத்திருந்தேன். வந்தது, ஒரு மணி நேரம் இருந்தது, பிறகு போய்விட்டது. அதையும் தூக்கிச் சுமக்க எனக்குத் தெம்பில்லை. நான் கோபப்பட்டாலும் படாவிட்டாலும் குழாய் அடைக்கிற நேரத்துக்கு அடைக்கிறது.

நான் சொல்வதைக் கேள். குழுவிடம் இப்படிச் சொல்: ஜூலையில் கம்பத்தை நட்டார்கள், மறுநாள் சரிபார்த்தேன், சரியாக இருந்தது. அடியில் இளஞ்சேறு, அதனால் கம்பம் பிறகு தானாக இறங்கிவிட்டது. பதிவேட்டில் உன் கையெழுத்து இருக்கிறது, அது போதும். நட்டது நான், நட்டபோது சரியாக இருந்தது என்று நானும் எழுதித் தருகிறேன். வேலிக்கு ஓணான் சாட்சி என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். சேற்றின்மேல் பழியைப் போடு. அது எவ்வளவு போட்டாலும் தாங்கும், விசாரணைக்கும் வராது.

இப்படிச் சொன்னால் உனக்கும் ஒன்றும் ஆகாது, எனக்கும் லைசென்ஸ் வந்துவிடும். உண்மையைச் சொன்னால் எனக்கு வரும், உனக்குப் போகும். நான் நட்டது நீ சொல்லித்தான், படித்த எண்ணும் நேர்மையாகப் படித்ததுதான் என்று குழு என்னை விட்டுவிடும். உன்னை விடாது. முப்பது வருடத்தை ஒரு டீ குடித்த நேரத்துக்காகக் கொடுக்கப்போகிறாயா? அப்பாவை யார் பார்ப்பது? நானா? என்னை அவர் தைலம் தேய்க்க விடமாட்டார்.

தூணைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுதிப் பழுது பார்க்கச் சொல். இதோடு சேர்க்காதே.

இதைப் படித்ததும் கிழித்துவிடு.

தம்பி


ஏப்ரல் 9

தம்பி,

கிழிக்கவில்லை. என்னைப் பொய் சொல்லச் சொல்லி நீ எழுதிய முதல் கடிதம் இது, என்னைக் காப்பாற்ற எழுதியதும் இதுதான். பெட்டியில் வைத்திருக்கிறேன்.

உன் யோசனையை இரண்டு நாள் சட்டை மாதிரிப் போட்டுப் பார்த்தேன். எல்லா இடத்திலும் பொருந்தியது, தூணில் மட்டும் இடித்தது. துறையைச் சரி செய்ய வருகிறவன் தூண் எவ்வளவு இறங்கியது என்று அளப்பான். இருபத்தெட்டு என்பான். கம்பமும் இருபத்தெட்டு. தூணும் கம்பமும் பேசிவைத்துக்கொண்டா இறங்கின என்று ஒருவன் கேட்டால் போதும். கேட்காமலே போய்விட்டால் இன்னும் மோசம். வாழ்நாள் முழுக்க யாராவது கேட்பார்களா என்று காத்திருக்க வேண்டும். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை டீ கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு "வண்டி கூப்பிடு" என்றார். துறைக்குப் போனோம். தடியை ஊன்றிக்கொண்டு அந்த மூலைத்தூணையே வெகுநேரம் பார்த்தார்.

"நான் போட்டப்ப சரியாத்தான் இருந்துச்சு."

"சரியாத்தான் இருந்துச்சுப்பா. தூண் இறங்கிடுச்சு."

"கோடு போட்டது நான். நம்பினது நீங்க ரெண்டு பேரும். இறங்கினது தூணு. இதுல அவன் எங்கேருந்து வந்தான்? அவன் எதுக்கு ஊரை விட்டுப் போனான்?"

அவர் உன்னைப் பற்றி இவ்வளவு பேசிப் பல மாதம் ஆகிறது. கொஞ்ச நேரம் கழித்துக் கத்தி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். எதற்கு என்றேன். அந்தக் கோட்டைச் சுரண்டி எடுக்கணும், இனிமேல் ஒருத்தனும் அதைப் பார்த்து ஏமாறக் கூடாது என்றார். "அப்பா, அது சாட்சிப்பா, கையை வெச்சா உங்களையும் சேத்து உள்ள போட்டுடுவாங்க" என்றேன். அதற்கு ஒரு சிரிப்பு சிரித்தார் பார், உன் சிரிப்பு. திரும்பி வரும் வழியில் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார், காற்று என்றார். காற்றே இல்லை.

12ஆம் தேதி உள்ளதைச் சொல்லப்போகிறேன். உன் லைசென்ஸ் உனக்கு வரும். எனக்கு வருவது வரட்டும். நீ வரவேண்டும் என்று கேட்க மாட்டேன், இந்தக் கடிதம் அதற்குள் உனக்குக் கிடைக்குமா என்றே தெரியாது. ஆனால் நான் உன்மேல் போட்ட அந்தச் சொல்லை எந்த இடத்தில் போட்டேனோ அதே இடத்தில் எடுக்க வேண்டும். அதற்கு நீ இல்லாவிட்டாலும் எடுப்பேன்.

அக்கா


ஏப்ரல் 19

அக்கா,

உன் ஒன்பதாம் தேதிக் கடிதம் இப்போதுதான் என் கைக்கு வந்தது. அது வரும் முன்பே நான் கிளம்பிவிட்டேன். 12ஆம் தேதி வந்திருந்தேன்.

கடைசி வரிசையில், மின்விசிறி ஓடாத பக்கம் உட்கார்ந்திருந்தேன். சுருட்டை பார்த்துவிட்டான், சொல்லாதே என்று கையைக் காட்டினேன். நீ பச்சைப் புடவையில் இருந்தாய், கையில் நீ கையெழுத்துப் போட்ட அந்தப் பதிவேடு. நீ எழுந்து கம்பத்தைப் பற்றிச் சொன்னாய், தூணைப் பற்றிச் சொன்னாய், டீயைக்கூட விடாமல் சொன்னாய். அதை யார் உன்னைக் கேட்டார்கள்? எழுதுகிறவர் நிமிர்ந்து 'டீயையும் எழுதணுமா' என்று பார்த்தார். பிறகு குழுவில் இருந்த கண்ணாடிக்காரர் கேட்டார்: "ஓட்டியவர் பாதையை விட்டு விலகியிருக்க வாய்ப்பு உண்டா?"

நீ "இல்லை" என்றாய்.

அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லோடு எழுந்து வெளியே வந்துவிட்டேன். வராந்தாவில் தண்ணீர்க் குழாயில் முகம் கழுவினேன், கண்ணீர் நிற்கவே இல்லை, திரும்பத் திரும்பக் கழுவினேன். வீட்டுக்கு வந்திருக்கலாம். உன் முகத்தைப் பார்த்தால் என்ன பேசுவது என்று தெரியவில்லை. மாலைப் பேருந்தில் ஏறிவிட்டேன். கோழை என்று திட்டு, தகும்.

முடிவு இங்கே வந்து சேர்ந்தது. லைசென்ஸ் திரும்பி வந்திருக்கிறது, ஒரு எச்சரிக்கையோடு. அடுத்த முறை கம்பத்தை நானாக நடக் கூடாதாம். உன்னைப் பற்றிச் சுருட்டை எழுதியிருக்கிறான். படகில் போய் அளக்கும் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள், ஓய்வு வரை ஆவண அறையில் என்று. முப்பது வருடம் தண்ணீரில் இருந்தவளைத் தூசிக்குள் உட்காரவைத்திருக்கிறார்கள். நான் சொன்ன பொய்யைச் சொல்லியிருக்கலாம் என்று இப்போதும் ஒரு பக்கம் தோன்றுகிறது. இன்னொரு பக்கம் அந்த 'இல்லை' எனக்குக் கிடைத்திருக்காது.

மே 2 முதல் படகு ஓடும், மூலைத்தூண் பக்கத்தை அடைத்துவிட்டு மறுபக்கப் படிக்கட்டிலிருந்து, கடல் ஏறியிருக்கும் நேரத்தில் மட்டும், நாளைக்கு இரண்டு நடை என்று உத்தரவு வந்திருக்கிறது. இன்னும் நாலு வருடத்தில் சேறு அந்த இரண்டு நடையையும் நிறுத்திவிடும், அது உனக்குத்தான் நன்றாகத் தெரியும். இருந்தாலும் வருகிறேன். 29ஆம் தேதி காலை வீட்டில் இருப்பேன். அப்பாவிடம் சொல்லிவிடு, இல்லாவிட்டால் கதவைத் திறந்துவிட்டு 'யாரைப் பாக்கணும்' என்று கேட்பார்.

புதிய கம்பத்தை 30ஆம் தேதி நட வேண்டும். உன் இடத்துக்கு வந்திருக்கும் புது அதிகாரி ஆவண அறைக்கு வந்து உன்னிடம் வழி கேட்டதாகச் சுருட்டை எழுதியிருந்தான். அவர் கையெழுத்துப் போடட்டும். ஆனால் நான் சம்மட்டியைத் தூக்கும்போது எனக்கு நீ வேண்டும். காலையில் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லாதே. பக்கத்திலேயே நில்.

தம்பி


ஏப்ரல் 25

தம்பி,

நிற்கிறேன். புது அதிகாரியிடம் கேட்டுவிட்டேன், விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள் என்றார்.

நீ கடைசி வரிசையில் இருந்தது எனக்குத் தெரியும். பதிவேட்டைத் திறக்கும்போதே பார்த்துவிட்டேன். நீ இல்லாவிட்டால் டீயை விட்டிருப்பேன்.

அப்பாவிடம் சொன்னேன். "எனக்கென்ன, வரட்டும்" என்றார். அன்றிலிருந்து ஜன்னலை விட்டுவிட்டு வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டிருக்கிறார். வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் கால் இடிக்கிறது.

லெவல் கருவியை நான் எடுத்து வருகிறேன். அந்த மூன்றுகால் ஸ்டாண்டை மட்டும் நீதான் தூக்க வேண்டும்.

அக்கா